மாருதி 800 கிளட்ச் பிளேட் வீட்லயே மாத்தலாமுங்களா? கியர் பாக்ஸ் இறக்குன அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க

பல்லடத்தான்

எல்லாருக்கும் வணக்கமுங்க. வண்டி 2004 மாடல் மாருதி 800, எம்பிஎஃப்ஐ, 4 கியர். அப்பா வாங்குனது, இப்ப என்கிட்ட இருக்கு. 1 லட்சத்து 12 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு, கிளட்ச் பிளேட் ஒரு தடவ மாத்துனதா அப்பா சொல்றாரு, எந்த வருசம்னு கேட்டா உங்கக்கா கல்யாணத்துக்கு முன்னாடின்றாரு, அவ்வளவுதான் ரெக்கார்டு.

போன ஞாயித்துக்கிழமை வீட்ல எல்லாரும் வால்பாறை கெளம்புனோம். ஆழியார் வரைக்கும் ஒன்னும் தெரியல. மலை ஏற ஆரம்பிச்சதும் ரெண்டாவது கியர்ல ஆக்சிலேட்டர அமுக்குனா எஞ்சின் மட்டும் கத்துது, வண்டி அதே வேகத்துல ஊர்ந்துட்டு போகுது. 7-வது வளைவுல ஒரு நாத்தம் வந்துச்சு, யாரோ டயர் எரிக்கறாங்கன்னு வீட்டுக்காரி கண்ணாடிய ஏத்தி விட்டா, ஏத்துனப்புறந்தான் நாத்தமே நம்ம வண்டிக்குள்ளதான்னு தெரிஞ்சுது. 9-வது வளைவுல லோம்ஸ் வியூ பாயிண்ட் இருக்குதுல்லங்க, அங்க ஒதுக்கி நிறுத்தி அரை மணி நேரம் ஆற வெச்சு, மேல இன்னும் 31 வளைவு இருக்குதுன்னு நெனச்சு அப்படியே திருப்பிட்டு எறங்கிட்டோம். பசங்க மூஞ்சிய பாக்க முடியல.

இங்க பக்கத்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல கேட்டேன். பாக்காமயே கிளட்ச் செட்டு போச்சுன்னு சொல்லிட்டாரு, ஒரு வாரம் வண்டிய விட்டுட்டு போங்கன்றாரு. எனக்கு என்ன தோணுச்சுன்னா, நான் பனியன் கம்பெனியில நிட்டிங் மெஷின் ஃபிட்டருங்க, பேரிங், சீல், ஷாஃப்ட்டுன்னா பயம் இல்ல. கார்ல பிரேக் ஷூ, பிளக், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாம் நானே மாத்தியிருக்கேன். வீட்டுக்குப் பின்னாடி தகர ஷெட்டு இருக்குது, தரை சிமெண்ட்டு. ஜாக்கி ரெண்டு, ஸ்பானர் செட்டு, சாக்கெட் செட்டு இருக்குது. குழி கிடையாது.

கேக்கறது என்னன்னா, எஞ்சின எறக்காம கியர் பாக்ஸ் மட்டும் கீழ எறக்க முடியுமுங்களா? குழி இல்லாம ஆகுமா? ரெண்டு நாள் லீவு போட்டா முடியுமா? கிளட்ச் செட்டு தவிர வேற என்னென்ன வாங்கி வெச்சுக்கோணும்?

பழைய ஸ்பானர்

தம்பி, நான் மதுரையில 30 வருசம் பட்டறை வெச்சிருந்தவன், இப்ப முட்டி வலிக்குதுன்னு பையன் கையில குடுத்துட்டேன். உன் கேள்விக்கெல்லாம் பதில் சொல்றேன், ஆனா அதுக்கு முன்னாடி ஒரு ஸ்பானரும் எடுக்காம மொதல்ல கேபிள பாரு.

800-ல கிளட்சு கேபிள் டைப்பு. பெடல விரலால லேசா அமுக்குனா ஒரு விரக்கடைக்கு சும்மா போகணும், அதுக்கப்புறந்தான் கனம் தட்டணும். அந்த சும்மா போறதுக்குப் பேர்தான் ப்ளே. பிளேட்டு தேயத் தேய அந்த ப்ளே குறைஞ்சுக்கிட்டே வரும், யாரும் அட்ஜஸ்ட் பண்ணலன்னா ஒரு நாள் ப்ளே சுத்தமா போயிரும், அப்ப நீ காலையே வெக்கலன்னாலும் ரிலீஸ் பேரிங்கு, பிளேட்ட அழுத்திப் புடிக்கிற பிரஷர் பிளேட்டோட விரல அமுக்கிக்கிட்டே இருக்கும். பிளேட்டுல இன்னும் கறி, அதான் லைனிங்கு, இருக்கும், ஆனாலும் ஸ்லிப் ஆகும். பத்து ரூவா வேலை இல்ல இது, கியர் பாக்ஸ் கிட்ட கேபிள் முனையில இருக்குற நட்ட ரெண்டு சுத்து தளர்த்துனா தீந்துச்சு. இதப் பாக்காம கியர் பாக்ஸ எறக்குன கதையெல்லாம் நான் பாத்திருக்கேன்.

ப்ளே சரியா இருந்தும் ஸ்லிப் ஆகுதுன்னா, நேர் ரோட்டுல ஆள் இல்லாத நேரம் 4-வது கியர்ல 40-ல போ, சட்டுன்னு முழுசா மிதி. 800-ல ஆர்பிஎம் முள்ளு கிடையாது, உன் காதுதான் முள்ளு. சத்தம் ஏறி வேகம் ஏறலன்னா பிளேட்டு முடிஞ்சுது. ஒரு தடவ பாத்தா போதும், திருப்பித் திருப்பி பண்ணி, பிளேட்டு ஒட்டி சுத்துற எஞ்சின் சக்கரம் இருக்குல்ல, அந்த ஃப்ளைவீல சுட்டுராத.

அப்பறம் கீழ குனிஞ்சு எஞ்சினும் கியர் பாக்ஸும் சேர்ற எடத்துல அடிப்பக்கம் எண்ணெ சொட்டியிருக்கான்னு பாரு. இருந்தா விரல்ல தொட்டு மோந்து பாரு. கியர் ஆயில்னா கந்தக நாத்தம் அடிக்கும், மறக்கவே மறக்காது. அந்த நாத்தம் இல்லாம கருப்பா இருந்தா எஞ்சின் ஆயிலு, கிராங்க் பின்னாடி சீல் போயிருக்கும். அத மாத்தாம புது பிளேட்டு போட்டா அதுவும் நாசமாத்தான் போகும்.

பாத்துட்டு வந்து சொல்லு.

சும்மா சொல்றேன்

ப்ரோ தப்பா எடுத்துக்காதீங்க. 800 கிளட்ச் வேலைக்கு கூலி ரெண்டாயிரம் மூவாயிரம் ஆகும், நல்ல மெக்கானிக் அரை நாள்ல முடிச்சிருவாரு. நீங்க ரெண்டு நாள் லீவு போட்டா சம்பளம் போச்சு, வண்டிய தாங்கற ஸ்டாண்டு வாங்கணும், டார்க் ரென்ச்சு வாங்கணும், நடுவுல ஏதாச்சும் ஒடஞ்சா அது தனி, அப்புறம் முதுகு வலிக்கு எண்ணெ வேற. மிச்சம் என்ன இதுல? ஒரு தடவ பண்ற வேலைக்கு இவ்ளோ சாமான் வாங்கி மழை பேஞ்சா துருப்பிடிக்க வெக்கறதுக்கு நல்ல ஒர்க்‌ஷாப்பா தேடிப் பிடிங்க.

பல்லடத்தான்

ஸ்பானர் அண்ணா, பாத்துட்டேனுங்க. ப்ளே சுத்தமா இல்ல, நீங்க சொன்ன மாதிரியேதான், பெடல் தொட்டதும் கனம். அட இவ்வளவுதானான்னு சந்தோசமா நட்ட தளர்த்தி விரக்கடை அளவு விட்டேன். பல்லடம் - தாராபுரம் ரோட்டுல காலங்காத்தால போயி பாத்தா, கொஞ்சம் தேவலாம், ஆனா 4-வது கியர்ல மிதிச்சா இன்னும் கத்துது. கேபிள்ல மரையும் கடைசிக்கு வந்துருச்சு, இனி தளர்த்த எடம் இல்ல. அடியில எண்ணெ கசிவு லேசா இருக்குது, கருப்பா, கந்தக நாத்தம் இல்ல.

சும்மா சொல்றேன் நண்பா, நீங்க சொல்றது கணக்குல சரிதானுங்க. ஆனா போன வருசம் ஒரு எடத்துல சஸ்பென்ஷன் வேலைக்கு விட்டு, புதுசு போட்டேன்னு காசு வாங்கிட்டு பழைய புஷ்ஷையே கழுவி மாட்டிக் குடுத்தாங்க. அதுக்கப்புறம் எனக்கு மனசு வரல. கண்ணால பாத்து நானே போடோணும், அவ்வளவுதான். முதுகு வலி வந்தா வரட்டும்.

பழைய ஸ்பானர்

சரி, எறங்குறதுன்னு முடிவு பண்ணிட்ட. அப்ப ஒழுங்கா கேட்டுக்க.

எஞ்சின் எறக்க வேணாம், கியர் பாக்ஸ் மட்டும் கீழ வந்துரும். குழி வேணாம், ஆனா முன்பக்கம் நல்லா ஒசரமா நிக்கணும், ஏன்னா கியர் பாக்ஸ எறக்குனப்பறம் அத வண்டிக்கு அடியிலருந்து வெளிய இழுக்க எடம் வேணும்ல. ஸ்டாண்டு ரெண்டு வாங்கு, இதுல கஞ்சத்தனம் ஆகாது. ஜாக்கிய நம்பி அடியில தலைய குடுக்காத, ஹாலோ பிளாக்க அடுக்கி வெக்கறேன்னு கெளம்பாத, அது வெடிக்கறப்ப சொல்லிட்டு வெடிக்காது. பின் சக்கரம் ரெண்டுக்கும் முன்னயும் பின்னயும் கட்டை குடு. வண்டிய ஸ்டாண்டுல ஏத்துனதும் பக்கத்துல நின்னு ஒரு ஆட்டு ஆட்டிப் பாரு, ஆடுச்சுன்னா எறக்கிட்டு மறுபடி ஏத்து.

பேட்டரி நெகட்டிவ்வ மொதல்ல கழட்டு. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு எப்பவும் கரண்டு இருக்கும், ஸ்பானர் பாடியில பட்டா வெல்டிங் தெறிக்கும்.

அப்பறம் கியர் ஆயில வடி. மேல கிளட்ச் கேபிள், ஸ்பீடா மீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் ஸ்விட்ச் ஒயர், எர்த் ஒயர், ஸ்டார்ட்டர் மோட்டார், கீழ கியர் ராடு. ஒவ்வொன்னையும் கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல படம் எடு, எங்க காலத்துல இந்த வசதி இல்ல, நாங்க சாக்பீஸ்ல கோடு போட்டோம். அட்டப் பெட்டி ஒன்ன எடுத்து கியர் பாக்ஸ் மாதிரி ஒரு வட்டம் வரைஞ்சுக்க, எந்த போல்ட்ட எந்த எடத்துல கழட்டுறியோ அட்டையில அதே எடத்துல குத்தி வெய்யி. கிளட்ச்ச மூடியிருக்குற பெல் ஹவுசிங் போல்ட்டு எல்லாம் ஒரே நீளம் கிடையாது. நெட்டை போல்ட்ட குட்டை எடத்துல போட்டு முறுக்குனா அலுமினியம், மரை கழண்டுரும்.

ரெண்டு பக்கமும் சக்கரத்த கழட்டி, லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட்ட பிரிச்சு, சக்கரம் மாட்டுற நக்கிள வெளிய இழுத்தாதான் டிரைவ் ஷாஃப்ட் கியர் பாக்ஸ விட்டு வரும். ஹப் நட்டுல கை வெக்க வேண்டியதில்ல. ஷாஃப்ட் முனையில ஒரு வளையம் புடிச்சிருக்கும், ரெண்டு லிவர் குடுத்து நெம்புனா டக்குன்னு வெளிய வந்துரும். ஷாஃப்ட்ட இழுக்காத, இழுத்தா உள் ஜாயிண்ட்டு தனியா வந்து அத மூடியிருக்குற ரப்பர் உறைக்குள்ள கொட்டிப்போகும். ஜாயிண்ட்டு கிட்டயே நெம்பு. எண்ணெய வடிச்சாலும் இன்னும் கொஞ்சம் ஊத்தும், கீழ தட்டு வெய்யி. அந்த ரெண்டு ஆயில் சீலும் புதுசா வாங்கி வெச்சுக்க, சில்லறைக் காசுதான்.

எஞ்சின தாங்காம கியர் பாக்ஸ் மவுண்டிங்க கழட்டிராத. கார்ட்டர்க்கு, அதான் எஞ்சின் ஆயில் தொட்டிக்கு, அடியில மரக்கட்டை வெச்சு ஜாக்கி குடு, இரும்ப நேரா வெச்சா கார்ட்டர் நசுங்கி ஆயில் பம்பு சல்லடைய அடைக்கும். எங்க பட்டறையில ரெண்டு ஃபெண்டருக்கும் குறுக்க ஒரு சவுக்குக் கட்டையப் போட்டு சங்கிலியில எஞ்சின தொங்க விட்ருவோம், அடியில எடம் தாராளமா கிடைக்கும்.

உள்ள போனதும் பிரஷர் பிளேட்டு போல்ட்டு ஆறையும் ஒரே தடவையா கழட்டாத, எதிர் எதிரா அரை சுத்து அரை சுத்தா. பழைய தூசிய ஊதாத, காத்து அடிக்காத, அந்தக் கால லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும், நெஞ்சுக்கு ஆகாது. பிரேக் கிளீனர் போட்டு ஈரத்தோட தொட.

வாங்க வேண்டியது: கிளட்ச் பிளேட்டு, பிரஷர் பிளேட்டு, ரிலீஸ் பேரிங்கு மூணும் செட்டா. பிளேட்டு மட்டும் போதும்னு கடைக்காரன் சொன்னாலும் கேக்காத, நூத்துக்கணக்குல மிச்சம் பண்ணப் போயி ஆறு மாசத்துல பேரிங்கு கத்துனா இதே வேலைய மறுபடி மொதல்லருந்து பாக்கணும். லூக், வலேயோ, எக்ஸெடி எந்த கம்பெனி கிடைச்சாலும் சரி, டூப்ளிகேட்டு இல்லாம பாத்துக்க. கிராங்க் பின்னாடி சீலு. புது கேபிளு, உனக்கு மரை வேற தீந்துருச்சு. கியர் ஆயிலு ஜிஎல்-4 கேட்டு வாங்கு, ஜிஎல்-5 பெருசா இருக்கே நல்லதுன்னு ஊத்தாத, அதுல இருக்குற கந்தகச் சரக்கு கியர் உரசாம விழ வெக்கிற சிங்க்ரோனைசர் பித்தளைக்கு ஆகாது.

பிளேட்டு மாத்துறது அரை மணி நேரம். கியர் பாக்ஸ திருப்பி ஏத்துறதுதான் வேலையே. அதப் பத்தி பெறகு எழுதுறேன், பேத்தி கூப்புடுது.

திருச்சி ஆல்டோக்காரன்

ஸ்பானர் ஐயா பேத்திகிட்ட போயிட்டாரு, அந்த கேப்புல என் கதைய சொல்லிடறேன், ஏத்துற கதைதான்.

நான் ஆல்டோவுல பண்ணேன், ஏறக்குறைய இதே மாதிரிதான். எறக்குனது சூப்பரா போச்சு, மத்தியானத்துக்குள்ள பிளேட் வெளிய. புதுசு மாட்டறப்ப ரெண்டு தப்பு. ஒன்னு, பிளேட்ட திருப்பிப் போட்டேன். நடுவுல ஸ்பிரிங் துருத்திட்டு இருக்க பக்கம் கியர் பாக்ஸ பாக்கணும், தட்டையான பக்கம் ஃப்ளைவீல பாக்கணும், பிளேட்லயே எழுதியிருந்துச்சு, கிரீஸ் கையோட படிக்கல. இது நல்ல வேளை பிரஷர் பிளேட் போல்ட் முறுக்கறப்ப கையில சுத்திப் பாத்து கண்டுபிடிச்சுட்டேன்.

ரெண்டாவது தப்புதான் பெருசு. பிளேட்ட நடு சென்டர்ல வெச்சு முறுக்கணும், இல்லன்னா கியர் பாக்ஸ்ல இருந்து நீட்டிட்டு இருக்க இன்புட் ஷாஃப்ட் உள்ள போகாது. நான் கண்ணால பாத்து நடுவுலதான இருக்குன்னு முறுக்கிட்டேன். அப்புறம் மச்சான் கியர் பாக்ஸ நெஞ்சுல வெச்சு தூக்க, நான் மேல இருந்து இழுக்க, போச்சு போச்சு, கடைசி ஒரு இஞ்ச் போகல. நான் என்ன பண்ணேன், போல்ட் மரை புடிக்குதேன்னு போல்ட்ட வெச்சே முறுக்கி இழுத்தேன். டங்குனு ஒரு சத்தம். கியர் பாக்ஸ் காது, போல்ட் போடற எடம், ஒடஞ்சு கையில வந்துருச்சு. அலுமினியம் வெல்டிங்குக்கு அலைஞ்சது, பிளேட் நடு பல்லு கோணினது, எல்லாம் சேத்து கூலிய விட மூணு மடங்கு.

போல்ட் இழுக்கறதுக்கு இல்ல, ஒட்டினத புடிச்சுக்கறதுக்கு. ரெண்டும் கையாலயே வந்து ஒட்டணும். ஒட்டலன்னா வெளிய எடுத்து ஏன்னு பாருங்க.

சென்டர் பண்ண பிளாஸ்டிக் டம்மி ஷாஃப்ட் சில செட்டோடயே வரும், இல்லன்னா பழைய கியர் பாக்ஸ் கடையில தேஞ்ச இன்புட் ஷாஃப்ட் ஒன்னு இரும்பு வெலைக்கு வாங்குங்க, அத விட பெஸ்ட் எதுவும் கிடையாது.

வடலி

வணக்கம் அண்ணாமார். நான் யாழ்ப்பாணம். உந்த மாருதி 800 இஞ்சயும் கனக்க ஓடுது, எங்கட ஒழுங்கையிலயே மூண்டு நிக்குது.

கியர் பொக்ஸ் ஏத்திறதுக்கு அப்பா காட்டித் தந்த ஒரு வேலை இருக்கு. பெல் ஹவுசிங் போல்ட்டின்ர மரைக்குச் சரியான நீட்டு போல்ட் ரெண்டு வாங்கி, தலையை வெட்டிப்போட்டு, முனையில ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க ஒரு கீறல் போடுங்கோ. அந்த ரெண்டையும் எஞ்சின் பக்கம் எதிர் எதிர் ஓட்டையில கையால முறுக்கி விடுங்கோ. இப்ப கியர் பொக்ஸை அந்த ரெண்டு கம்பியிலயும் கொழுவி விட்டிட்டுத் தள்ளினாச் சரி, பாரம் உங்கட நெஞ்சில இல்ல, ஷாஃப்டும் கிளச் பிளேட்டில தொங்காது. மற்ற போல்ட்டுகளைப் போட்ட பிறகு உதுகளைக் கழட்டிப்போட்டு உண்மையான போல்ட்டைப் போடுறது.

அப்பா ஒஸ்ரின் ஏ40 வச்சிருந்தவர். 90களில பொருளாதாரத் தடைக்க பெற்றோல் இல்ல, மண்ணெண்ணெயிலதான் இஞ்ச கார் எல்லாம் ஓடினது, ஸ்ராட் பண்ணிறதுக்கு மட்டும் காபரேட்டருக்க ஒரு சொட்டுப் பெற்றோல் விடுறது. உதிரிப்பாகம் எண்ட கதையே இல்ல. கிளச் பிளேட் தேஞ்சா பழைய லைனிங்கைக் கழட்டிப்போட்டு கிடைச்ச லைனிங்கை வட்டமா வெட்டி ரிவெட் அடிச்சுத் திருப்பிப் போட்டவர், அதுவும் விளக்கு வெளிச்சத்தில. நீங்கள் புதுசா செட்டாவே வாங்கிப் போடலாம் எண்டேக்க பயப்பிடாமச் செய்யுங்கோ.

பழைய ஸ்பானர்

வடலி தம்பி சொன்ன தலை வெட்டுன போல்ட்டு அருமையான வேலை. எங்க பட்டறையில அம்பாசிடர்க்கு அப்படித்தான் பண்ணுவோம், அந்த கியர் பாக்ஸு ஆள அமுக்கிரும். 800-க்கு அம்புட்டு கனம் இல்லன்னு யாரும் செய்றதில்ல, ஆனா நீ தனி ஆளு, செய்யி.

இன்னும் ரெண்டு. ஷாஃப்ட் பல்லுல கிரீஸ் தடவுறது நகத்துல எடுக்குற அளவுதான். அள்ளி அப்புனா சுத்துற வேகத்துல தெறிச்சு லைனிங்ல ஒட்டும், புது பிளேட்டு மொத நாளே ஸ்லிப்பு. பிளேட்டு மூஞ்சியையும் கிரீஸ் கையால தொடாத. அப்பறம் கியர் பாக்ஸ எடுத்ததும் எஞ்சின் அந்தப் பக்கம் தலை சாஞ்சுரும். திருப்பி ஏத்துறப்ப ரெண்டு மூஞ்சியும் நேரா பாக்கணும், சுத்தியும் கேப்பு ஒரே அளவா இருக்கணும். ஒரு பக்கம் சுண்டு விரல் போகுது, இன்னொரு பக்கம் நகம் கூட போகலன்னா ஷாஃப்ட்டு கோணலா நிக்குதுன்னு அர்த்தம், எம்புட்டு தள்ளுனாலும் போகாது.

பல்லடத்தான்

முடிஞ்சுதுங்க! வெவரமா எழுதறேன், என்னைய மாதிரி யாராச்சும் தேடி வந்தா உதவட்டும்.

பார்ட்ஸ் கோயம்புத்தூர்ல வாங்குனேன். 83-ல வந்து 2014-லயே நிறுத்துன வண்டி, கிடைக்குமோ என்னமோன்னு போனேன், கவுண்டர்ல மாடல் கூட கேக்கல, 800 கிளட்ச் செட்டுன்னதும் எடுத்து வெச்சுட்டாரு. கிளட்ச் செட்டு, கேபிளு, சீலுங்க, ஆயிலு எல்லாம் சேத்து நாலாயிரத்துக்குள்ள. ஸ்டாண்டு தனி.

மொத நாள் காலையில 7 மணிக்கு ஆரம்பிச்சேன், மச்சினன் ஒருத்தன் துணைக்கு. மேல இருக்கறதெல்லாம் 10 மணிக்குள்ள கழண்டுருச்சு. டிரைவ் ஷாஃப்ட்டு வலது பக்கம் ரெண்டே நெம்புல வந்துச்சு, இடது பக்கம் ஒரு மணி நேரம் உயிர வாங்கிருச்சு. ஒரே எடத்துல நெம்பிட்டே இருந்தேன், அப்புறம் ஷாஃப்ட்ட கால் சுத்து திருப்பி நெம்புனதும் டக்குன்னு வந்துச்சு, வளையத்தோட வாய் எந்தப் பக்கம் இருக்குதோ அதப் பொறுத்துதான் போல. எண்ணெ ஒரு டம்ளர் அளவுக்கு மேலயே கொட்டுச்சு, திருப்பூர்க்காரனுக்கு பனியன் வேஸ்ட்டுக்கு பஞ்சமா, ஒரு மூட்டையே வெச்சிருந்தேன்.

சாயங்காலம் 4 மணிக்கு கியர் பாக்ஸ் கீழ. பிளேட்ட வெளிய எடுத்துப் பாத்தா, ஒரு பக்கம் ரிவெட் தலையும் லைனிங்கும் சமமா இருக்குது, அதுக்கு மேல அரை மில்லியாச்சும் லைனிங் நிக்கோணும்னு மேனுவல்ல இருக்குது, இங்க நகத்த வெச்சு தடவுனா தடுக்கவே இல்ல. பிரஷர் பிளேட்டு மூஞ்சியில மயில் கழுத்து மாதிரி ஊதா ஊதாவா திட்டு, அது வால்பாறை குடுத்ததுங்க. ஃப்ளைவீல்ல கோடு லேசா இருந்துச்சு, விரிசல் இல்ல, இருந்தாலும் சீல் மாத்தறதுக்கு எப்படியும் கழட்டோணும்ல, கழட்டுன கையோட லேத்துப் பட்டறைக்கு எடுத்துட்டுப் போயி மூஞ்சிய லேசா புடிச்சுட்டு வந்துட்டேன். பின் சீலு ஒதடு கல்லு மாதிரி காஞ்சு போயிருந்துச்சு, கையில வளைச்சா ஒடையுது.

ரெண்டாவது நாள் பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்ன வெச்சு சென்டர் பண்ணி பிளேட்டு, பிரஷர் பிளேட்டு மாட்டியாச்சு. ஸ்பிரிங் பக்கம் கியர் பாக்ஸ பாக்குதான்னு மூணு தடவ பாத்தேன், ஆல்டோ அண்ணனுக்கு நன்றி. தலை வெட்டுன போல்ட்டும் ரெடி.

அப்புறம் வந்துச்சு பாருங்க அந்த கடைசி ஒரு இஞ்ச். கியர் பாக்ஸ் கம்பியில வழுக்கிட்டு ஜம்முன்னு போச்சு, ஒரு இஞ்ச்சுல நின்னுச்சு. தள்றோம், ஆட்றோம், மச்சினன் காலக் குடுத்து ஒதைக்கறான், அசையல. போல்ட்டு மரை புடிக்குதான்னு வெச்சுப் பாத்தேன், புடிக்குது. சத்தியமா சொல்றேனுங்க, ஸ்பானர கையில எடுத்துட்டேன். ரெண்டு சுத்து சுத்துனா உள்ள போயிருமேன்னு கை பரபரன்னு இருந்துச்சு. அப்ப இங்க படிச்ச டங்குங்கற சத்தம் ஞாபகம் வந்து ஸ்பானர கீழ வெச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

திரும்பி வந்து டார்ச் அடிச்சு கேப்ப பாத்தேன். கீழ சுண்டு விரல் தாராளமா போகுது, மேல பேனா முனை கூட போகல. எஞ்சின் சாஞ்சு நின்னிருக்குது. கார்ட்டர் அடியில இருந்த ஜாக்கிய கொஞ்சங் கொஞ்சமா ஏத்தி, ஒவ்வொரு ஏத்துக்கும் கேப்ப பாத்து, மேலயும் கீழயும் ஒரே அளவு வந்ததும் மச்சினன கிராங்க் புல்லி போல்ட்ல ஸ்பானர் போட்டு மெதுவா திருப்பச் சொல்லிட்டு நான் ரெண்டு கையால லேசா தள்ளுனேன். கால் சுத்து கூட ஆகியிருக்காது, பல்லு மாட்டி சொய்ங்னு போயி தப்புன்னு ஒட்டிருச்சு. ஒதைச்சப்ப போகாதது கொழந்த தள்றா மாதிரி தள்ளுனதுக்குப் போகுது. நாங்க ரெண்டு பேரும் அடியில படுத்தபடியே சிரிச்சோம்.

மத்ததெல்லாம் அட்டையப் பாத்து திருப்பி மாட்டியாச்சு. கியர் ஆயில் பக்கவாட்டு பிளக்ல வழியற வரைக்கும் ஹோஸ் போட்டு ஊத்துனேன். ராத்திரி 8 மணிக்கு ஸ்டார்ட் பண்ணி நியூட்ரல்ல விட்டுக் கேட்டேன், ஒரு சத்தமும் இல்ல. ஷெட்டுல இருந்து வெளிய எடுத்தப்ப பெடல் எவ்வளவு லேசா இருந்துச்சுன்னா, கேபிள் மாட்டலையோன்னு பயந்துட்டேன். காலையில 4-வது கியர்ல 40-ல மிதிச்சுப் பாத்தேன், சத்தத்தோட வண்டியும் போகுதுங்க.

சும்மா சொல்றேன்

வாழ்த்துக்கள் ப்ரோ. ஸ்டாண்டு வாடகைக்கு கிடைக்குமா? எங்க மாமா வண்டி ஒன்னு இருக்கு 😅

பழைய ஸ்பானர்

நல்லா செஞ்சிருக்க தம்பி. இன்னும் ஒரு 500 கிலோமீட்டருக்கு ஏத்தத்துல பாதி கிளட்ச்சுல நிக்க வெக்காத, புது லைனிங்கு ஃப்ளைவீலோட பழகணும். ஓட்டறப்ப பெடல் மேல கால வெச்சு ஓய்வெடுக்குற பழக்கம் இருந்தா விட்ரு. 500 ஓட்டுனப்பறம் ப்ளேய மறுபடி பாரு, புது கேபிள் கொஞ்சம் நீளும்.

ரிவர்ஸ் போட்டுப் பாத்தியா? ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது, எஞ்சின் ஓடுறப்ப கிளட்ச்ச முழுசா அமுக்கி மூணு எண்ணிட்டு போடு, கர்ருன்னு பல்லு உரசுனா கிளட்ச்சு முழுசா விடலன்னு அர்த்தம், கேபிள ஒரு சுத்து டைட் பண்ணு. உரசாம விழுந்துச்சுன்னா சரி. அப்படியே பின்னாடி போயி ரிவர்ஸ் லைட்டு எரியுதான்னும் பாரு.

பல்லடத்தான்

ரிவர்ஸ் வெண்ணெ மாதிரி விழுகுதுங்க, ஒரு சத்தம் இல்ல.

லைட்டு எரியல. இப்பத்தான் பானெட்ட தூக்கிப் பாத்தேன், ஸ்விட்ச் ஒயரு கியர் பாக்ஸ் மேல சும்மா தொங்கிட்டு இருக்குது. போன்ல படம் பாத்தா அத கழட்டறதுக்கு முன்னாடி எடுத்த படம் மட்டும் மச்சினன் கட்டை வெரல்தான் தெரியுது. மாட்டிட்டு வர்றேனுங்க.